கேளுங்க, சொல்றேன்: மலையடிவாரத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி

போன மாசம் இந்தப் பக்கத்துல, பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தப்ப கேட்ட ஒரு பாட்டுக்கச்சேரிய பத்தி அரைப்பக்கம் எழுதியிருந்தனுங்க. வர்ஜீனியா மாநிலத்துல ஹில்டன்ஸ்னு துளியூண்டு ஊரு, கிளிஞ்ச் மலை அடிவாரம், அங்க கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டுன்னு ஒரு பெரிய கொட்டாய், சனிக்கிழமைக்கு சனிக்கிழமை பாஞ்சோ (தோலு இழுத்துக் கட்டுன கம்பி வாத்தியம்), ஃபிடிலுங்கற வயலினு, மேண்டலின், கிட்டாரு, ஆளு ஒசரத்துக்கு ஒரு பேஸுன்னு வெச்சுட்டு பழைய மலைப்பாட்டும் ப்ளூகிராஸுங்கற பாட்டும் வாசிப்பாங்க, மேடைக்கு முன்னாடி சனங்க ஆடுவாங்க, அவ்வளவுதான் சமாச்சாரம். அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல, தேங்கா வெலைய பத்தி எழுதினப்ப கூட இத்தன வரல. ஆபீஸ் தம்பி ஒரு கட்டு கொண்டாந்து போட்டுட்டு "அண்ணா, நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்க"ன்னுட்டு போயிட்டாப்ல. கேட்டவங்க பேர விட்டுட்டு ஊர மட்டும் போட்டிருக்கறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ப்ளூகிராஸ்னா நீலப்புல்லுன்னு என்ற பையன் சொல்றான். புல்லு எப்படிங்க நீலமா இருக்கும்? பாட்டுக்கும் புல்லுக்கும் என்ன சம்மந்தம்?
— வாசகி, கோபி

பையன் சொன்னது சரிதானுங்க அம்மிணி. கென்டக்கி மாநிலத்துல குதிரை மேய்ச்சலுக்கு பேரு போன புல்லு அது, நம்ம காங்கேயம் கொறங்காட்டுல கொழுக்கட்டைப்புல்லு எப்படியோ அங்க அது அப்படி. பாத்தா பச்சையாத்தான் இருக்கும், அறுக்காம விட்டு கதிர் வாங்குச்சுன்னா தூரத்துல இருந்து பாக்கறப்ப லேசா ஒரு நீலம் ஓடும்பாங்க. இதுல வேடிக்கை என்னன்னா அந்தப் புல்லே அந்த ஊருது கெடையாது, ஐரோப்பாவுல இருந்து வந்த ஒறம்பரை, வந்து ஒக்காந்து மாநிலத்துக்கே பட்டப்பேரு வாங்கிக் குடுத்துட்டுது.

அந்த கென்டக்கியில ரோசைன்ங்கற ஊருல 1911ல பொறந்தவரு பில் மன்றோ. தன்ற கோஷ்டிக்கு சொந்த மாநிலத்து பேரா இருக்கட்டும்னு ப்ளூ கிராஸ் பாய்ஸ்னு வெச்சாரு, நம்ம பசங்க கபடி டீமுக்கு கொங்கு பாய்ஸ்னு வெக்கற மாதிரிதான். அவங்க வாசிச்ச தினுசுக்கு அப்பறம் கோஷ்டி பேரே பேரா நின்னு போச்சு. இத்தனைக்கும் ரோசைன் அந்தப் புல்லு சீமையிலயே இல்ல, மேக்கால தள்ளி, நெலக்கரி தோண்டற பக்கம்.

மன்றோ எட்டுப் புள்ளைங்கள்ல கடைக்குட்டி. அண்ணமாருங்க ஃபிடிலயும் கிட்டாரயும் எடுத்துக்கிட்டாங்க, இவருக்கு மிஞ்சினது மேண்டலின், அதுலயும் எட்டு கம்பி போட்டா சத்தம் ஜாஸ்தி, நாலு போதும்னு நாலுதான் போட்டுக்க விட்டாங்களாம். வீட்டுல கடைக்குட்டியா பொறந்தவங்களுக்கு இது புரியும், எனக்கு நல்லாவே புரிஞ்சுது. அதே மேண்டலின வெச்சுத்தான் பின்னாடி ஒரு சங்கீதத்துக்கே அப்பன்னு பேரு வாங்கினாரு.

கேள்வி: மலைப்பாட்டு, ப்ளூகிராஸ், கன்ட்ரி மியூசிக் எல்லாமே ஒரே சத்தமாத்தான் கேக்குது. வித்தியாசம் கண்டுபிடிக்க சுலபமா ஒரு வழி சொல்லுங்க.
— வாசகர், ஈரோடு

சுலபமான வழி இருக்குதுங்க, பாஞ்சோக்காரரோட வலது கைய பாருங்க. பழைய மலைப்பாட்டுல, ஓல்டு டைம்னு சொல்றாங்க அத, கைய கோழி நகம் மாதிரி மடக்கி வெச்சுட்டு நகத்துல மேலிருந்து கீழ தட்டுவாங்க, கட்டவெரல் மட்டும் ஓரத்துக் கம்பிய தொட்டுட்டே இருக்கும். எல்லாரும் ஒட்டுக்கா ஒரே மெட்ட வாசிப்பாங்க, ஃபிடில்தான் முன்னாடி போகும், ஒரே மெட்டு பத்து நிமிஷம் கூட சுத்தும், ஏன்னா அது ஆடறவங்களுக்கான வாசிப்பு, ஆடறவங்க கால் ஓயற வரைக்கும் நிறுத்த வேண்டியதில்ல.

ப்ளூகிராஸ்ல பாஞ்சோக்காரரு கட்டவெரல், ஆள்காட்டி, நடுவெரல் மூணுலயும் உறை மாட்டியிருப்பாரு, கண்ணுக்கு வெரலே தெரியாது, அத்தன வேகம். அது வந்த கதை எனக்கு நெம்பப் பிடிக்கும். 1945 டிசம்பர்ல மன்றோ கோஷ்டியில ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு ஒரு பையன் சேர்ந்தான், வயசு 21, ஊரு வடக்கு கரோலினா. யுத்த காலத்துல நூல் மில்லுல வேலை பாத்தவன், ஆமாங்க, நூல் மில்லேதான். கரோலினா மலையடிவாரம் முச்சூடும் அப்ப மில்லுதான், மேல வெவசாயம் கட்டுபடியாகாம எறங்கி வந்த சனங்க பொட்டி படுக்கையோட பாஞ்சோவயும் தூக்கிட்டு வந்தாங்க. கோயமுத்தூர்ல 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்ததுல இருந்து நம்ம சனங்க காட்ட விட்டுட்டு சங்குச் சத்தத்துக்கு ஓடுனத நெனச்சுப் பாருங்க, அதே கதைதான். என்ற சித்தப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல இருந்தாரு, ரெண்டாம் ஷிப்ட் முடிச்சு பஞ்சு ஒட்டுன தலையோட வந்து ராத்திரி பஜனைக்கு ஆர்மோனியப் பொட்டிய தொறப்பாரு. கொட்டாய்ல அந்த பாஞ்சோ சத்தத்த கேட்டப்ப எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரல, அந்தப் பஞ்சு வாசம்தான் வந்துது.

சரி, வெரல் கணக்குக்கு வர்றேன். எட்டு சுரத்த மூணு வெரலால உருட்டுனா மூணு, மூணு, ரெண்டுன்னு விழும். வாயில சொல்லிப் பாருங்க: தகிட தகிட தக. நம்ம மிருதங்கம் படிக்கற கொழந்தைக்கு கூட தெரிஞ்ச கணக்கு! கூடவே பேஸு டும்முங்கும், மேண்டலின் கம்பிய அமுத்திப் புடிச்சு சக்குன்னு ஒரு வெட்டு வெட்டும், டும் சக் டும் சக், அதனால ட்ரம்ஸே வேண்டியதில்ல. இதுல ஒருத்தரு முன்னாடி வந்து வாசிப்பாரு, மத்தவங்க அடக்கி வாசிப்பாங்க, அவரு முடிச்சதும் வெலகிக்குவாரு, அடுத்தவரு வருவாரு.

ஆக மலைப்பாட்டு பழசு, ப்ளூகிராஸ் நேத்து வந்தது. ரொம்பப் பேரு இத ஆதிகாலத்து சங்கீதம்னு நெனைக்கறாங்க, ஸ்க்ரக்ஸ் சேர்ந்த அதே 1945லதான் கோயமுத்தூர்ல பக்ஷிராஜா ஸ்டூடியோ ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான் அதுக்கு வயசு. ரேடியோவுல பொறந்த புள்ள அது. கன்ட்ரிங்கறது இது எல்லாத்தயும் உள்ள போட்டுக்கிட்ட பெரிய கடை, அத அடுத்த பதில்ல சொல்றேன்.

கேள்வி: அந்தக் கொட்டாய்க்கு ஏன் கார்ட்டர் ஃபேமிலின்னு பேரு? யாரு அந்தக் குடும்பம்?
— வாசகர், பவானி

ஏ.பி. கார்ட்டர்னு ஒருத்தரு, பழமரக் கன்னு வித்துட்டு ஊரூரா போனவரு. மலைக்கு அந்தப் பக்கம் போனப்ப ஒரு பொண்ணு ஆட்டோஹார்ப்புன்னு பொட்டி மாதிரி ஒரு கம்பி வாத்தியத்த மடியில வெச்சு பாடிட்டு இருந்துது, கன்னு யாவாரம் அங்கயே நின்னு போச்சு, 1915ல கல்யாணம். அந்தம்மா பேரு சாரா. சாராவோட சித்தப்பா பொண்ணு மாதிரி ஒறவு மேபெல்லு, அது ஏ.பி.யோட தம்பியவே கட்டிக்கிட்டுது. இவங்க மூணு பேருதான் கார்ட்டர் ஃபேமிலி. இவங்க இருந்த எடத்துக்கு பேரே புவர் வேலி, ஏழைப் பள்ளத்தாக்குன்னு வெச்சுக்கங்களேன்.

1927 ஜூலையில ரால்ஃப் பியர்ங்கற ரெக்கார்டு கம்பெனிக்காரரு பிரிஸ்டல்னு ஒரு டவுனுக்கு வந்து பாட்டுக்கு ஆளு வேணும்னாரு. அந்த டவுன்ல மெயின் ரோட்டுக்கு இக்கட்ட வர்ஜீனியா, அக்கட்ட டென்னசி, நடுரோட்டுலதான் ரெண்டு மாநிலத்துக்கும் எல்லை. மேபெல்லுக்கு வயசு 18, வாயும் வயிறுமா இருக்குது, அந்தப் புள்ளையயும் ஏத்திக்கிட்டு, சுமாரா 25 மைலு கரடு முரடான ரோட்டுல, நடுவுல டயர் பஞ்சராகி ஒட்டுப்போட்டு போயி சேர்ந்தாங்க. தொப்பி கோடவுனா இருந்த கட்டடத்துல ஆறு பாட்டு. ஒரு பாட்டுக்கு 50 டாலர். இன்னிக்கு கன்ட்ரி மியூசிக் அங்கதான் பொறந்துச்சுன்னு அந்த ஊரே சொல்லிட்டு இருக்குது. மேபெல்லு கிட்டார்ல கட்டவெரலால அடிக்கம்பியில மெட்டயும் மீதி வெரலால தாளத்தயும் ஒண்ணா வாசிச்சுது பாருங்க, உலகத்துல பாதி கிட்டார்க்காரங்க கையில இன்னிக்கு அந்தப் புள்ளையோட கட்டவெரல்தான் இருக்குது.

ஏ.பி. 1960ல சாகறதுக்கு முன்னாடி பொண்ணு ஜேனட்ட கூப்புட்டு, பாட்ட விட்டுடாதன்னு வாக்கு வாங்கினாரு. அந்தம்மா 1974ல அப்பனோட பழைய மளிகைக்கடையிலயே சனிக்கிழமை பாட்டு ஆரம்பிச்சுது, கூட்டம் கொள்ளல, 1976ல பக்கத்துலயே அந்தக் கொட்டாய கட்டுச்சு. அங்க கரண்ட் வாத்தியம் ஏத்தறதில்ல. ஒரே ஒருத்தருக்குத்தான் அந்தச் சட்டத்த தளர்த்துனாங்களாம், பேரு போன கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ். ஏன்னா அவரு மேபெல்லு பொண்ணு ஜூனக் கட்டுன மாப்ள. மாப்ளைக்கு சட்டம் வேறங்கறது எந்த ஊருலயும் மாறாது போல. 2003 ஜூலை 5ல அவரு கடைசியா சனங்க முன்னாடி பாடுனதும் அந்தக் கொட்டாய்லதான், பொண்டாட்டி போயி ரெண்டு மாசம் கூட ஆகல அப்ப.

கேள்வி: சார், இதெல்லாம் வெள்ளக்காரன் பாட்டு. அடிமைகள வெச்சு பொழச்ச ஊரோட பாட்டுக்கு நாம ஏன் தலையாட்டணும்?
— வாசகர், திருப்பூர்

தம்பி, கேள்வி சூடா இருக்குது, நல்லது. ஆனா பாதிதான் சரி. அந்த மேடையில நடுநாயகமா நின்ன பாஞ்சோ இருக்குதே, அது ஆப்பிரிக்கா. அடிமையா கொண்டாந்த சனங்க சொரக்குடுக்கைய பாதியா வெட்டி, மேல தோல இழுத்துக் கட்டி, ஒரு கம்ப சொருகி, நரம்பு கட்டி வாசிச்சது. மேற்கு ஆப்பிரிக்காவுல காம்பியா பக்கம் ஜோலா சனங்க கையில அகொண்டிங்னு ஒண்ணு இன்னைக்கும் இருக்குது, அதுலயும் ஒரு குட்டைக் கம்பிய கட்டவெரலால தட்டிட்டே இருக்காங்க, அந்தக் கட்டவெரல் கம்பிதான் பாஞ்சோவோட அஞ்சாவது கம்பி, கழுத்துல பாதியில ஆரம்பிக்கும், சுருதிப்பொட்டி மாதிரி ஒரே சுரத்த சொல்லிட்டே இருக்கும். வெள்ளக்காரங்க அத எப்படி எடுத்தாங்கன்னா மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு கறுப்பு சனங்கள கேலி பண்ணி மேடைபோட்டு, 1800கள்ல. அந்த அசிங்கத்த மறைக்கறதுக்கில்ல.

மன்றோவுக்கு சின்ன வயசுல கூட வாசிச்சு சொல்லிக் குடுத்தவங்கள்ல ஆர்னால்டு ஷுல்ட்ஸ்னு ஒரு கறுப்பரு, சுரங்கத்துல வேலை பாத்தவரு. ஏ.பி. கார்ட்டர் ஊரூரா பாட்டு பொறுக்கப் போனப்ப கூட போனது லெஸ்லி ரிடில்னு ஒரு கறுப்பரு, சிமெண்ட் பேக்டரியில ஒரு காலு போனவரு. ஏ.பி. வார்த்தைய எழுதிக்குவாரு, மெட்ட மனசுல வாங்கி வீடு வரைக்கும் கொண்டாந்து சேக்கறது ரிடில். ரெக்கார்டு மேல அவரு பேரு வரல. நம்ம ஊரு நோம்பியில தப்பட்டை அடிச்சவங்கள எங்க நிக்க வெச்சோம், சோறு எந்த எலையில போட்டோம்னு நெனச்சுப் பாத்தா, அமெரிக்காவ திட்டறதுக்கு என்ற தொண்டையில கொஞ்சம் சத்தம் கொறையுதுங்க.

அதனால தலையாட்டறதா வேண்டாமாங்கறத விடுங்க. அது யாரு வாத்தியம்னு தெரிஞ்சு கேளுங்க. இப்ப ரியானன் கிடன்ஸ்னு ஒரு அம்மா வடக்கு கரோலினாவுல இருந்து, ஜோ தாம்சன்னு ஒரு பெரியவரு கிட்ட, அவரும் கறுப்பரு, ஃபிடில்காரரு, உக்காந்து கத்துக்கிட்டு வந்து இது எங்க சொத்தும்தான்னு பாஞ்சோவோட மேடையேறி நிக்கறாங்க. அவங்கள தேடிக் கேளுங்க, உங்க கேள்விக்கு என்னய விட நல்லா பதில் சொல்வாங்க.

கேள்வி: சாப்பாடு என்ன குடுத்தாங்க? குளிரா? ஆடறவங்க குடிச்சுப்போட்டு ஆடுவாங்களா?
— வாசகர், உடுமலை

கொட்டாய்ல தண்ணிக்கு எடமில்லீங்க, சாராயம் கூடாது. போற வழியில ஒரு கடையில மக்காச்சோள ரொட்டியும் வேக வெச்ச பின்ட்டோ பீன்ஸும் சாப்ட்டோம், மலைச்சனங்க சாப்பாடே அதுதான், கொஞ்சம் உப்பும் வரமொளகாயும் இருந்திருந்தா நம்ம தட்டப்பயிறு சாத்துக்கு கிட்ட வந்திருக்கும். ஆடறவங்க முக்காவாசி 60 தாண்டுனவங்க, செருப்புக்கு அடியில லாடம் மாதிரி தகடு அடிச்சிருக்காங்க, மேல ஒடம்பு ஆடாது, கை தொங்கும், கால் மட்டும் தரையில டகடகன்னு பேசும். ஒரு பாட்டி ஒரு பாட்டு விடல. நான் ஒரு பாட்டுக்கே மூச்சு வாங்கி உக்காந்துட்டேன்.

கேள்வி: அண்ணன்மார் கதைக்கும் இந்தப் பாட்டுக்கும் ஒப்பிட்டு எழுதியிருந்தீங்க. உடுக்கைப்பாட்டு எங்க, ஆட்டம்பாட்டம் எங்க? நியாயமா?
— வாசகர், காங்கேயம்

கோவப்படாதீங்க. நீங்க ஆட்டத்த மட்டும் நெனச்சுட்டீங்க. அன்னிக்கு ராத்திரி எடைவேளைக்கு அப்பறம் ஒரு அம்மா, 70 இருக்கும், வாத்தியம் எதுவுமில்லாம மைக்குக்கு முன்னாடி கையக் கட்டிட்டு நின்னு ஒரு பாட்டு பாடுச்சு. கட்டிக்கறேன்னு சொன்னவன் ஆத்தங்கரைக்கு கூட்டிட்டுப் போயி அந்தப் பொண்ணையே கொன்னு தண்ணியில விட்ட கதை. பொண்ணு கூட வந்திருந்துச்சு, காதுல மொழிபெயர்த்து சொல்லிட்டே வந்தவ பாதியில நிறுத்திட்டா. ஆனா பாடுன அந்தம்மா மொகத்துல ஒரு அசைவில்ல, கண்ணீரில்ல, குரல் ஏறல எறங்கல, மளிகை லிஸ்ட்டு படிக்கற மாதிரி பாடுச்சு. அதுதான் அவங்க மொறை, பாடறவங்க நடுவுல வரக்கூடாது, கதை தானா போயி கேக்கறவங்கள அடிக்கணும். கொட்டாய்ல அத்தன பேருல ஒருத்தரு இருமல.

நம்ம உடுக்கைக்காரரு அப்படியில்லையே. எங்க அப்புச்சி ஊரு குண்டடம் பக்கம், சின்ன வயசுல ராத்திரி ராத்திரியா அண்ணன்மார் கதை கேட்டிருக்கறேன். பாட்டுக்காரரு அழுவாரு, சிரிப்பாரு, உடுக்கையோட இடுப்புக் கயித்த அமுத்தி அமுத்தி அதயும் அழ வெப்பாரு, படுகளம் வர்றப்ப ரெண்டு பேரு நெசமாவே விழுந்துருவாங்க, தண்ணி தெளிச்சு எழுப்பணும். இது வேற மொறை, அது வேற மொறை. ரெண்டுலயும் சாவுதான். நல்லதங்கா ஏழு புள்ளைங்களயும் கெணத்துல போட்ட கதைய நம்ம ஆத்தாமாரு நாத்து நடறப்ப பாடலையா? வேலைக்கு நடுவுல சாவப் பாடறது எல்லா ஊரு சனத்துக்கும் தேவைப்பட்டிருக்குது.

இன்னொண்ணும் இருக்குது. 1916ல இருந்து 1918 வரைக்கும் இங்கிலாந்துல இருந்து செசில் ஷார்ப்புன்னு ஒருத்தரும் மாட் கார்ப்பிலிஸ்னு ஒரு அம்மாவும் அந்த மலையில வீடு வீடா ஏறி எறங்கி பழைய பாட்ட எழுதிட்டுப் போனாங்க, அவரு மெட்ட எழுத அந்தம்மா வார்த்தைய எழுத. தங்க ஊருல செத்துப் போன பாட்டெல்லாம் கடல் தாண்டி மலையில உசுரோட இருக்குதேன்னு அவங்களுக்கு ஆச்சரியம். அதே மாதிரி 1960கள்ல நம்ம காங்கேயத்துக்கு பக்கத்துல ஓலப்பாளையத்துல வந்து தங்கி, அண்ணன்மார் கதைய டேப்புல புடிச்சு, பின்னாடி புத்தகமா கொண்டாந்தது பிரெண்டா பெக்னு ஒரு கனடாக்கார அம்மா. உங்க ஊருக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நம்ம பாட்ட வெளியூருக்காரங்க வந்து பொறுக்கறப்பதான் நமக்கு அது பாட்டுன்னே தெரியுதுங்கறது, அவங்களுக்கும் நமக்கும் இருக்கற இன்னொரு ஒத்துமை, பெருமைப்படற ஒத்துமை இல்ல.

கேள்வி: அமெரிக்க மலைய விடுங்க, நம்ம மலைப்பாட்டு ஒண்ணாவது உருப்படியா கேட்டிருக்கீங்களா?
— வாசகி, மேட்டுப்பாளையம்

குத்தறீங்க, குத்துங்க, எனக்கு வேணும். ஒசரத்துல கூட நாமதான் பெருசு, அந்த கிளிஞ்ச் மலையெல்லாம் சேர்ந்த அப்பலாச்சியன் மலைத்தொடர்ல ஒசந்தது மிட்செல் மலை 2037 மீட்டர், நம்ம தொட்டபெட்டா 2637, சரியா 600 மீட்டர் ஜாஸ்தி. அந்த நீலகிரியில கோத்தர்ங்கற மலைச்சனங்க கொள்ங்கற குழல ஊதுறதயும் கொட்டுறதயும் ஒரே ஒரு தடவதான் நேர்ல கேட்டிருக்கறேன், அதும் பாதியில, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன். ஆனைகட்டி தாண்டுனா அட்டப்பாடி, அங்கத்த இருளர் சமூகத்து நஞ்சியம்மா ஒரு மலையாளப் படத்துல பாடுனதுக்கு 2022ல தேசிய விருது அறிவிச்சாங்களே, அப்ப சங்கீதம் படிக்காதவங்களுக்கு எப்படிக் குடுக்கலாம்னு சில பேரு முனகுனாங்க. மேபெல்லு எந்தப் பள்ளிக்கூடத்துல கிட்டார் படிச்சுதாம்? 9000 மைலு தாண்டிப் போயி மலைப்பாட்டு கேட்டவன், 30 கிலோமீட்டர்ல இருக்கறத கேக்கலைன்னு நீங்க சொல்றது நியாயம். வர்ற நோம்பிக்கு போறேன், எழுதறேன்.

கேள்வி: உங்க கட்டுரை படிச்சுட்டு எங்க வீட்டுக்காரரு மேண்டலின் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. நம்ம மேண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசிச்சதுதானே அது? என்ன பாத்து வாங்கணும்?
— வாசகி, பொள்ளாச்சி

கும்புட்டுக் கேட்டுக்கறேன், ஆன்லைன்ல வாங்காதீங்க. நான் வாங்கிக் கெட்டேன். திரும்பி வந்த சூட்டுல போட்டோ பாத்து ஆர்டர் போட்டேன், பெரிய அட்டைப்பொட்டியில வந்துது, பிரிச்சா கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிருக்குது, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு வெரலே பூந்துரும், அமுத்தி அமுத்தி வெரல் நுனி பொத்துப் போச்சு. திருப்பி எடுத்துக்கங்கன்னா, கம்பிய முறுக்கிட்டீங்க அதனால முடியாதுங்கறான். முறுக்காம வாத்தியத்த எப்படிய்யா பாக்கறது! இப்ப அது அட்டாரி மேல இருக்குது. நேர்ல கடைக்குப் போங்க, கழுத்துல குறுக்கால பதிச்சிருக்கற தகடுல பன்னெண்டாவதுக்கு மேல கம்பி எத்தன ஒசரம் நிக்குதுன்னு பாருங்க, ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இருந்தா வேண்டாம், வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போனா இன்னும் உத்தமம்.

ஸ்ரீநிவாஸ் வாசிச்சது எலெக்ட்ரிக், தனித்தனிக் கம்பி, நம்ம கமகத்துக்காக அவரு அத அஞ்சு கம்பியா மாத்திக்கிட்டாரு. அமெரிக்கக்காரங்களுது ஜோடி ஜோடியா எட்டு, ஜோடிக் கம்பிய இழுத்து கமகம் குடுக்கறது செரமம், அதனால அவங்க வேகத்துலயும் வெட்டுலயும் ஈடு கட்டறாங்க. சுருதி வயலினுக்கு எப்படியோ அதேதான், அதனால வயலின் தெரிஞ்சவருக்கு வெரல் எடம் தானா வரும். ஃபிடில்னா வேற வாத்தியம்னு நெனச்சுக்காதீங்க, வயலினேதான், வாசிக்கற ஆளப் பொறுத்துப் பேரு மாறுது. பாலுசுவாமி தீட்சிதர் அத எடுத்து நம்ம கச்சேரிக்குள்ள கொண்டாந்தாரு, நாம தரையில உக்காந்து வயலினோட தலைய பாதத்துல ஊனிக்கிட்டோம், அவங்க நின்னுட்டு நெஞ்சுல வெச்சுக்கிட்டு ஆட்டத்துக்கு வாசிக்கறாங்க.

வீட்டுக்காரரு மேண்டலின மறக்கணும்னா பேலா ஃபிளெக்னு ஒரு பாஞ்சோக்காரரு நம்ம ஜாகிர் உசேனோட சேர்ந்து வாசிச்சது இருக்குது, போட்டு விடுங்க. ஒண்ணு அடங்கிருவாரு, இல்லாட்டி பாஞ்சோ கேப்பாரு.

கேள்வி: அன்னிக்கு ராத்திரியில எது இன்னும் மனசுல நிக்குது?
— வாசகி, வெள்ளகோவில்

கொட்டாய்ல நடந்ததில்லீங்க, வெளிய நடந்தது. கச்சேரி முடிஞ்சு காரு நிறுத்துன புல்லுக் காட்டுக்கு வந்தா அங்க ஒரு பழைய வண்டி டிக்கிய தொறந்து வெச்சு அந்த வெளிச்சத்துல நாலு பேரு நின்னு வாசிச்சுட்டு இருக்காங்க, மேடையேறுனவங்க இல்ல, கேக்க வந்தவங்க. இப்படி வண்டி நிறுத்தற எடத்துல வாசிக்கறது அங்க பெரிய வழக்கமாம், சில பேரு உள்ளயே வர மாட்டாங்களாம். பாஞ்சோ வெச்சிருந்த பெரியவரோடது நெஜத் தோலு, இப்ப எல்லாம் பிளாஸ்டிக்குதான், இவரு விடல. பனி எறங்க எறங்க தோலு தொய்யுது, சத்தம் பொத்துன்னு வருது, அவரு என்ன பண்ணாருன்னா ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் காரோட சூடான பானெட்டு மேல அத கவுத்து வெச்சாரு. நான் சிரிச்சுட்டேன். ஏன்னு கேட்டாங்க. பொண்ண விட்டு சொல்லச் சொன்னேன், எங்கூருல தப்பட்டைய வைக்கோல்ல தீ மூட்டி காய்ச்சுவோம்னு. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், எடம் விட்டு என்னயவும் வட்டத்துக்குள்ள நிக்க வெச்சுட்டாரு.

நின்னா சும்மா விடுவாங்களா, உங்கூரு மெட்டு ஒண்ணு குடுன்னாங்க. எனக்கு தெரிஞ்சதெல்லாம் எங்க ஆத்தா நோம்பியில கும்மியடிக்கற மெட்டுதான், கையத் தட்டி நாலு வரி மொணங்குனேன், தொண்டை கட்டியிருந்துச்சு. ஃபிடில்காரரு ஒரு தடவ கேட்டாரு, ரெண்டாவது தடவ கூடவே வந்தாரு, மூணாவது தடவ நான் நிறுத்தியும் அவரு நிறுத்தல, பாஞ்சோ உள்ள பூந்துருச்சு, என்ற ஆத்தா கும்மி மலையேறி ஓடுது, எனக்கு கையத் தட்டறதா கண்ணத் தொடைக்கறதான்னு தெரியல.

முடிச்சுட்டு ஃபிடில்காரரு பையில இருந்து ஒரு குட்டி நோட்ட எடுத்து, இதுக்கு என்ன பேருன்னாரு. பேரெல்லாம் ஏதுங்க கும்மிக்கு. யாரு கிட்ட கத்துக்கிட்டன்னாரு, ஆத்தாகிட்டன்னேன், எந்த ஊருன்னாரு, குண்டடம்னேன். குண்-ட-டம், குண்-ட-டம்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு, பேஸுக்காரரு அதயே கம்பியில தட்டுனாரு, எல்லாரும் சிரிச்சாங்க. எழுத்து எப்படின்னு கேட்டாரு, என்ற பொண்ணு காருக்குள்ள ஹீட்டர போட்டு உக்காந்துக்கிட்டு சன்னல எறக்கி ஒவ்வொரு எழுத்தா சொல்லிட்டு, "அப்பா, மணி பதினொண்ணு, நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும்"னுச்சு.